குறையில் ஒரு நிறை: டாக்டர் ஹெலன் ஹாப்ஸின் இருதய ஆராய்ச்சி

சில குடும்பங்களில் தகப்பனார் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் காலமாகிறார். அவருடைய தமையனாரும் ஐம்பதைக் காண்பதில்லை. பின்னர் மூத்த மகனுக்கும் நாற்பதைத் தாண்டும் முன்னரே நெஞ்சுவலி தோன்றுகிறது. இத்தகைய குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். அக்கம்பக்கத்தார் இதனைத் தலைவிதி என்பர். வீட்டுத் தோஷம் என்பாரும் உளர். "அது அவர்கள் பரம்பரை" என்று சொல்வோர் மட்டுமே உண்மைக்குச் சற்று அருகில் நிற்கின்றனர். எனினும் பரம்பரை என்று சொல்லிவிட்டால் போதுமா? பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்வது எது? வந்தபின் அதனைத் தடுக்க இயலுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டுள்ள ஒரு பெண் மருத்துவரைப் பற்றியும், அவர் கண்ட உண்மை நமக்கு எவ்வாறு பயன்படும் என்பது பற்றியும் இக்கட்டுரையில் அறிந்து கொள்வோம். அவர் பெயர் டாக்டர் ஹெலன் ஹாப்ஸ். அவர் பணிபுரியும் இடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லஸ் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ நிலையம் ஆகும்.

லாரியும் குலையும்

முதலில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்ள வேண்டும். இதனை நஞ்சென்று எண்ணுவது தவறு. நம் உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் சுவரையும் கட்டுவதற்கு இது தேவைப்படுகிறது; பித்தநீரும் சில சுரப்பிநீர்களும் இதிலிருந்தே உண்டாகின்றன. இரத்தம் நீர்த்தன்மையுடையது, கொழுப்போ நீரில் கரையாதது. ஆகவே கொலஸ்ட்ரால் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே இரத்தத்தில் பயணம் செய்கிறது. அப்பொதிகளுள் ஒரு வகைக்கு எல்.டி.எல். என்பது பெயர். இரத்தத்தில் இவை மிகுந்தால் இருதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் படிந்து, நாளடைவில் வழியை அடைத்துவிடுகின்றன.

மிகுதியான பொதிகளை அகற்றுவது யார்? பெரும்பாலும் நமது கல்லீரலே. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். பொதிகளைப் பற்றிப் பிடிக்கும் ஏற்பிகள் உள்ளன. செம்பனைத் தோட்டத்தில் பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் லாரியை நினைத்துக் கொள்ளுங்கள். அது குலைகளை ஏற்றுகிறது, ஆலைக்குள் செல்கிறது, இறக்குகிறது, மீண்டும் வெறும் லாரியாகத் தோட்டத்திற்குத் திரும்புகிறது. ஏற்பியும் அவ்வாறே பொதியைப் பிடித்து உயிரணுவுக்குள் கொண்டு சென்று விட்டுவிட்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. ஒரு முறை சென்று திரும்ப ஏறத்தாழப் பத்து நிமிடமே ஆகும். ஓர் ஏற்பி தன் வாழ்நாளில் நூறு தடவைக்கு மேலும் இவ்வாறு சென்று வரக்கூடியது. லாரிகள் குறைந்தால் குலைகள் தோட்டத்திலேயே கிடந்து அழுகும் அல்லவா? ஏற்பிகள் குறைந்தால் நேர்வதும் அதுவே.

இந்த ஏற்பிகளைக் கண்டறிந்தவர்கள் டல்லஸில் பணியாற்றிய டாக்டர் மைக்கேல் பிரவுன், டாக்டர் ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர். பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்திருந்த குழந்தைகளின் நோய் அவர்களுடைய சிந்தனையைத் தூண்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற அக்குழந்தைகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சாதாரண அளவைப்போல் நான்கைந்து மடங்குக்கும் மேல் இருந்தது. பள்ளி செல்லும் வயதிலேயே மாரடைப்பு வந்தது. பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் அத்தகைய நோயாளிகளின் தோலிலிருந்து சிறு துண்டை எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தனர். அவ்வுயிரணுக்களில் எல்.டி.எல்.ஐப் பிடிக்கும் ஏற்பிகள் இல்லை என்பது 1974ஆம் ஆண்டுக்குள் தெளிவாயிற்று. 1985ஆம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கல்லீரலின் பங்கை நேராகக் காட்டிய நிகழ்ச்சி 1984இல் பிட்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. இந்நோயுள்ள ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இருதயமும் கல்லீரலும் ஒருங்கே மாற்றி வைக்கப்பட்டன. புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும், ஆயிரத்தை எட்டியிருந்த அவளது கொலஸ்ட்ரால் முந்நூறு அளவுக்கு இறங்கியது.

மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

ஹெலன் ஹாப்ஸ் 1952ஆம் ஆண்டில் பிறந்தவர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபின், கிளீவ்லண்ட் நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் 1979இல் மருத்துவப் பட்டம் பெற்றார். டல்லஸில் ஏழை எளியோர் பெரிதும் நாடி வரும் பார்க்லண்ட் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களின் தலைவராகப் பொறுப்பேற்றார். நோயாளிகளைக் கவனிப்பதும் மாணவர்களுக்குக் கற்பிப்பதுமே தம் தொழில் என்று எண்ணியிருந்த அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியவர், அங்கு மருத்துவத் துறைத் தலைவராக விளங்கிய டாக்டர் டொனால்ட் செல்டின். அவருடைய அறிவுரைப்படி ஹாப்ஸ் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நல்லாசிரியர் ஒருவரின் ஒரு சொல் மாணவரின் வழியையே மாற்றிவிடுவதை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் நன்கு அறிவர்.

ஏற்பியின் மரபணுவில் எத்தனை வகையான பழுதுகள் உள்ளன என்பதை ஹாப்ஸ் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1987இல் அவர் வெளியிட்ட ஒரு முடிவு குறிப்பிடத்தக்கது. கனடாவில் பிரெஞ்சு வம்சாவளியினரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அந்நோயாளிகளுள் பெரும்பாலோரின் மரபணுவில் ஒரே பகுதி, ஒரே மாதிரியாக, அறுந்து போயிருப்பதை ஹாப்ஸும் அவருடன் பணியாற்றியோரும் கண்டனர். பல தலைமுறைகளுக்கு முன் பிரான்சிலிருந்து கப்பலேறிக் குடியேறிய சில ஆயிரம் பேரின் சந்ததியினர் அவர்கள். குடியேறியோருள் எவரோ ஒருவரின் பழுது பேரன் பேத்திகள் வழியே ஆயிரக்கணக்கானோரிடம் பரவியிருந்தது. ஒரு சிறு கூட்டம் புறப்பட்டு வந்து ஓரிடத்தில் பெருகும்போது நல்லதும் தீயதும் அதனுடன் சேர்ந்தே பெருகுகின்றன.

எல்லோரும் நோயாளிகளையே தேடியபோது

இதுவரை கூறியது நோயைத் தேடிச் சென்ற ஆராய்ச்சி. ஹாப்ஸின் பெருஞ்சாதனையோ அதற்கு நேர் எதிரான திசையில் சென்றதால் விளைந்தது.

1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டல்லஸ் இருதய ஆய்வு என்னும் பெருந்திட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். டல்லஸ் வட்டாரத்தில் வாழும் சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் அவர்களுடைய இல்லங்களுக்கே சென்று விவரங்களைக் கேட்டறிந்தனர். பின்னர் மீண்டும் வீட்டிற்குச் சென்று இரத்தமும் சிறுநீரும் பெற்றனர். மூன்றாவதாகவே அவர்களை மருத்துவ நிலையத்திற்கு அழைத்து இருதயத்தையும் கல்லீரலையும் படம் எடுத்தனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் இம்மூன்று கட்டங்களையும் நிறைவு செய்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அது தற்செயலாக நேர்ந்ததன்று. அக்காலத்து மருத்துவ ஆய்வுகள் பலவற்றில் வெள்ளையரே பெரும்பான்மையாக இருந்தமையால், கறுப்பின மக்கள் போதிய அளவில் சேர்க்கப்பட வேண்டும் என்று திட்டமிட்டே அவ்வாறு செய்தனர். இந்த ஒரு முடிவு இல்லாதிருந்தால் பின்னர் நிகழ்ந்த கண்டுபிடிப்பு டல்லஸில் நிகழ்ந்தே இராது.

2003ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். பரம்பரையாக எல்.டி.எல். மிகுந்திருந்த சில பிரெஞ்சுக் குடும்பங்களில் ஏற்பியின் மரபணு நன்றாகவே இருந்தது; பழுது பி.சி.எஸ்.கே.9 என்னும் வேறொரு மரபணுவில் இருந்தது. இம்மரபணு உண்டாக்கும் புரதம் செய்யும் வேலை யாது? நமது லாரி உவமைக்கே திரும்புவோம். ஆலைக்குள் நுழைந்த லாரியைத் தோட்டத்திற்குத் திரும்ப விடாமல், பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடும் ஒருவனைப் போன்றது இப்புரதம். இது ஏற்பியோடு ஒட்டிக் கொண்டு, உயிரணுவுக்குள்ளேயே அதனை அழியச் செய்கிறது. பிரெஞ்சுக் குடும்பங்களில் இவன் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருந்தான். ஆகவே லாரிகள் குறைந்தன, கொழுப்பு மிகுந்தது.

அப்படியானால் இவன் வேலைக்கே வராத மனிதர்கள் எங்கேனும் இருப்பார்களா? இருந்தால் அவர்களுடைய எல்.டி.எல். மிகக் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? ஹாப்ஸும், அவருடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றிய தென்னாப்பிரிக்கரான டாக்டர் ஜோனதன் கோஹனும் எழுப்பிய வினா இதுவே. இவ்வினாவின் சிறப்பை வாசகர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்.டி.எல். குறைந்தவர் நலமாக இருப்பார். அவர் மருத்துவரிடம் வரமாட்டார். மருத்துவமனையில் அமர்ந்து காத்திருந்தால் இத்தகையோரைக் காணவே இயலாது. வீடு வீடாகச் சென்று பெற்ற இரத்தம் கைவசம் இருந்தமையாலேயே அவர்களைத் தேட முடிந்தது.

எல்.டி.எல். மிகக் குறைந்திருந்த 128 பேரின் பி.சி.எஸ்.கே.9 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தனர். அம்மரபணுவைச் செயலறச் செய்யும் இரண்டு மாற்றங்கள் தென்பட்டன. கறுப்பின மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரிடம் இவற்றுள் ஒன்று இருந்தது. வெள்ளையரிடம் இவை மிக மிக அரிது. இம்மாற்றமுடையோரின் எல்.டி.எல். ஏனையோரைவிட 40 விழுக்காடு குறைவாக இருந்தது. இம்முடிவு 2005இல் வெளியாயிற்று.

எண்பத்தைந்து பேரில் ஒருவர்

கொழுப்பு குறைந்தது சரி; மாரடைப்பும் குறைந்ததா? இதனை அறிய, 45 முதல் 64 வயது வரையிலானோரைப் பதினைந்து ஆண்டுகளாகக் கண்காணித்து வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வின் விவரங்களை ஹாப்ஸும் கோஹனும் ஆராய்ந்தனர். 2006இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது.

அவ்வாய்வில் இருந்த கறுப்பின மக்கள் 3,363 பேர். அவர்களுள் 85 பேரிடம் செயலற்ற பி.சி.எஸ்.கே.9 இருந்தது. ஏனைய 3,278 பேரில் 319 பேருக்குப் பதினைந்து ஆண்டுகளில் இருதயக் குழாய் நோய் வந்தது. அதாவது ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர். அந்த 85 பேரில் நோய் கண்டவர் ஒரே ஒருவர். ஆபத்து 88 விழுக்காடு குறைந்திருந்தது! இத்தனைக்கும் இவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் உடையோரும், நீரிழிவு உடையோரும், புகை பிடிப்போரும் பலர் இருந்தனர்.

இவர்களுடைய எல்.டி.எல். ஏனையோரைவிட 28 விழுக்காடுதான் குறைவு. ஏறத்தாழ ஒரு மில்லிமோல் எனலாம். அதே ஒரு மில்லிமோலை ஸ்டேட்டின் மாத்திரை கொண்டு ஐந்தாண்டுக் காலம் குறைத்தால் ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறைகிறது. குறைத்த அளவு ஒன்றாயினும் பயன் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? மாத்திரை உண்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், குழாய்களில் கொழுப்புப் படிந்தபின் தொடங்குகிறார். அந்த 85 பேரின் குழாய்களிலோ பிறந்த நாள் முதல் குறைந்த கொழுப்பே ஓடியது. இருதய நோய் ஐம்பது வயதில் வெளிப்படுவதாயினும் அது தொடங்குவது இளமையிலேயே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னோர் ஐயம் எஞ்சி நின்றது. எல்.டி.எல். மிகமிகக் குறைந்தால் உடம்புக்கு வேறு கேடு நேருமோ? இதற்கும் விடை டல்லஸிலேயே கிடைத்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் செயலற்ற மரபணுவையே பெற்ற ஓர் இளம்பெண்ணை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். பி.சி.எஸ்.கே.9 அவரது இரத்தத்தில் அறவே இல்லை. அவரது எல்.டி.எல். 14 மில்லிகிராம், நூறு என்பதையே நல்ல அளவு என்று கூறுகிறோம். அப்பெண்மணி பிள்ளைப்பேறு கண்டவர், உயர்கல்வி பெற்றவர், உடற்பயிற்சி கற்பிப்பவர், எந்தக் குறையுமின்றி வாழ்ந்து வந்தார். ஒரு மருந்து அப்புரதத்தை முற்றாகத் தடுத்தாலும் பெருந்தீங்கு நேராது என்னும் துணிவை இது மருந்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தந்தது.

மருந்து வந்த விரைவு

ஸ்டேட்டின் மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ 1970களில் பூஞ்சணங்களை ஆராய்ந்து இவ்வகை மருந்தை முதன்முதலில் கண்டார். 1987இல் இவ்வகையின் முதல் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இது கல்லீரலின் ஏற்பிகளைப் பெருகச் செய்கிறது. ஆனால் லாரிகளைப் பெருக்கும்போதே, அவற்றை இரும்புக் கடைக்கு அனுப்புபவனையும் இது ஓரளவு பெருக்கிவிடுகிறது. ஆகவேதான் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் பயன் இரட்டிப்பாவதில்லை.

பி.சி.எஸ்.கே.9 புரதத்தைப் பிடித்து முடக்கும் ஊசிமருந்துகள் இரண்டிற்கு 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. மரபணு கண்டறியப்பட்ட 2003இலிருந்து எண்ணினால் பன்னிரண்டே ஆண்டுகள். மருந்துலகில் இது மிக விரைவு. 27,564 நோயாளிகள் பங்கேற்ற ஒரு சோதனையில் இவ்வூசிகளுள் ஒன்று, ஸ்டேட்டின் உண்டு வந்தோரின் எல்.டி.எல்.ஐ மேலும் 59 விழுக்காடு குறைத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது. இரு வாரங்களுக்கோ ஒரு மாதத்திற்கோ ஒரு முறை போட்டுக் கொள்ள வேண்டிய ஊசிகள் இவை. பின்னர் ஆண்டுக்கு இரு முறை மட்டும் போட்டால் போதுமான வேறொரு மருந்துக்கு 2020இல் ஐரோப்பாவிலும் 2021இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

விலைதான் பெருந்தடை. 2015இல் அமெரிக்காவில் ஓராண்டு ஊசிக்குக் குறிக்கப்பட்ட விலை 14,000 டாலருக்கும் மேல். சில ஆண்டுகளில் அது பெரிதும் குறைக்கப்பட்டது என்றாலும், எளியோருக்கு எட்டும் மருந்தாக ஸ்டேட்டின் மாத்திரையே இன்னும் இருந்து வருகிறது. ஏழை மருத்துவமனை ஒன்றில் பயின்றவரின் ஆராய்ச்சியில், எளிய மக்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிறந்த மருந்து எளியோரை எட்டத் தாமதிப்பது வருந்தத் தக்கதே.

ஹாப்ஸின் பணி இதனுடன் நின்றுவிடவில்லை. அதே டல்லஸ் மக்களின் கல்லீரல் படங்களைக் கொண்டு, மதுவருந்தாதோருக்கும் கல்லீரலில் கொழுப்புப் படிவதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை அவர் குழுவினர் 2008இல் வெளிப்படுத்தினர். 2016ஆம் ஆண்டில் அவருக்கு உயிரியலுக்கான பிரேக்துரூ பரிசு அளிக்கப்பட்டது.

நம் வீட்டில் இருந்தால்

தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றோர் அரியவர்கள் அல்லர். முன்னர் ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்று கருதினர். பிற்கால ஆய்வுகள் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் எனக் காட்டுகின்றன. அவ்வாறாயின் இரண்டு மூன்று பெரிய தோட்டங்களின் மக்களைக் கூட்டினால் ஒரு சிலரேனும் இருப்பர். பழுதுடைய ஒருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கும் வராமலிருப்பதற்கும் வாய்ப்புச் சமம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போன்றது. அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமல் போகலாம். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

மெலிந்த உடம்பினருக்குக் கொழுப்பு இராது என்பது நம்மிடையே நிலவும் நம்பிக்கை. இந்நோய்க்கு அது பொருந்தாது. நாள் முழுதும் உழைத்து, அளவோடு உண்டு, ஒல்லியாக இருப்பவரின் இரத்தத்திலும் எல்.டி.எல். இரு மடங்கு இருக்கக்கூடும். ஏனெனில் குறை அவர் உணவில் இல்லை, லாரிகளில் இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடு நல்லதே. ஆனால் இவர்களுக்கு அது மட்டும் போதாது. "சாப்பாட்டைக் குறைத்தேன், குறையவில்லை" என்று சலித்து மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுவோர் உண்டு. மாத்திரை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அது அவர்கள் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்பதற்கான தண்டனையன்று.

தெற்காசிய வம்சாவளியினர் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53 என்றும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிய வந்தது. ஆறு ஆண்டு என்பது சிறிதன்று. புகைத்தல், நீரிழிவு ஆகியவையும் இதற்குக் காரணங்களே. எல்லாப் பழியையும் மரபணுவின்மேல் சுமத்தலாகாது.

தகப்பனாருக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள், அல்லது தாயாருக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், நீங்கள் நலமாக இருப்பினும் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். குதிகாலின் பின்புறத் தசைநாரிலும் கைவிரல் மூட்டுகளின் மேலும் தோன்றும் கெட்டியான புடைப்புகள் இந்நோயின் அடையாளம். நாற்பத்தைந்து வயதுக்குள் கண்ணின் கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எல்லோரிடமும் தோன்றுவதில்லை. இரத்தச் சோதனையே உறுதியானது.

சோதனைக்குச் செல்லும்போது ஒரு தாளில் குடும்ப விவரத்தை எழுதி எடுத்துச் செல்வது நலம். தாத்தா, பாட்டி, பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, மாமன், அத்தை ஆகியோருள் யார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தனர் என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். வயது சரியாக நினைவில்லாவிடில், "மூத்தவன் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது" என்பது போன்ற குறிப்பைக் கொண்டு கணக்கிடலாம். ஒருவருக்கு நோய் இருப்பது உறுதியானால் அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று சோதிக்க வேண்டும். பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் சோதிப்பது நல்லது. அவர்களுக்கு மாத்திரை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.